மென்பொருளைப் பராமரிப்பவருக்கு நன்றியை எப்படிச் சொல்வது?

கேள்வி:
போன மாதம் என் கேமராவின் மெமரி கார்டு திடீரென்று காலி என்று காட்டியது. அப்பா இறப்பதற்கு முன் எடுத்த கடைசிப் படங்கள் அதில் மட்டும்தான் இருந்தன. அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் என்ற திறமூல மென்பொருளை (அதன் நிரலை யாரும் பார்க்கலாம், பயன்படுத்தலாம்) இறக்கி ஓடவிட்டேன். கறுப்புத் திரையில் எண்கள் ஏறிக்கொண்டே போயின. இரண்டு மணி நேரத்தில் 412 படங்கள் கிடைத்தன. பழைய கோப்புப் பெயர்கள் போய்விட்டன, ஆனால் அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் படம் அப்படியே வந்துவிட்டது. இதைச் செய்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அதன் நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில் இஷ்யூ (குறைகளைப் பதியும் குறிப்பு) திறந்து சொல்லலாமா? எனக்கு நிரல் எழுதத் தெரியாது.

பதில் 1:
பிற மென்பொருள்கள் பயன்படுத்தும் ஒரு சிறிய நிரல் லைப்ரரியை ஒன்பது வருடமாகப் பராமரிக்கிறேன். இஷ்யூ வேண்டாம். அது வேலைப் பட்டியல். அதைக் கவனிக்கும் எல்லாருக்கும் அறிவிப்பு போகும், அப்புறம் யாராவது வந்து மூட வேண்டும். திட்டத்தின் தளத்தில் மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதற்கு எழுதுங்கள்.

"அருமை, நன்றி" என்று நிறுத்திவிடாமல், இங்கே எழுதியதையே எழுதுங்கள். எனக்கு வருவதில் பெரும்பகுதி "வேலை செய்யவில்லை" என்பதுதான். நன்றாக ஓடினால் யாரும் எழுதுவதில்லை. அதனால் யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது. ஒரு முறை பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் தயாரிக்கும் ஓர் ஆசிரியர், எந்த வசதி தனக்கு உதவுகிறது என்று நாலு வரி எழுதியிருந்தார். யாருக்கும் தேவையில்லை என்று அடுத்த பதிப்பில் நான் நீக்க இருந்த வசதி அது! அன்றே அந்த முடிவை மாற்றினேன். அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பதில் 2:
பணமும் அனுப்புங்கள், சின்னத் தொகையானாலும் சரி. 2014-இல் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, இணையத்தின் பெரும்பகுதி தகவல்களை மறையாக்க நம்பியிருந்த அந்த மென்பொருளுக்கு ஆண்டு நன்கொடையாக வந்துகொண்டிருந்தது சுமார் 2,000 டாலர்தான்.

இன்னொன்று, அவசரப்படுத்தாதீர்கள். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் கதையை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது. 2022-இல் புதிய பதிப்பு தாமதமாகிறது என்று சிலர் அஞ்சல் குழுவில் அதன் பராமரிப்பாளரை நெருக்கினார்கள். சம்பளமில்லாமல் பொழுதுபோக்காகச் செய்கிறேன் என்று அவர் சொல்லியும் விடவில்லை. உதவ வந்தவரிடம் அவர் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார். 2024 மார்ச்சில், உதவ வந்த அதே நபரின் கணக்கு வழியாகப் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) நுழைந்திருந்தது தெரிந்தது. அந்த மனிதருக்கு ஆறுதலாக அப்போது நாலு பேர் எழுதியிருக்கலாமே என்று தோன்றுகிறது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நேற்றிரவு மின்னஞ்சல் அனுப்பினேன், கொஞ்சம் பணமும் அனுப்பினேன். எந்த வகைக் கார்டு, எத்தனை படங்கள் மீண்டன, எத்தனை பாதியில் சிதைந்திருந்தன என்று எழுதினேன். அப்பாவின் கண்ணாடியைப் பற்றியும் எழுதினேன். பதில் எழுதச் சிரமப்பட வேண்டாம் என்று கடைசியில் சேர்த்தேன்.