ஹெஸெத்: தமிழில் எந்தச் சொல்?

அன்புடையீர், வணக்கம்.

சமய ஒப்பியல் வகுப்புக்காகப் பண்டைய இசுரேலியரின் சமயச் சட்டம் பற்றி ஒரு பாடம் எழுதிவருகிறேன். சொல்லடைவை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். 'மிஷ்பாத்' சிக்கலில்லை, 'முறை' என்று போட்டுவிட்டேன். தீர்ப்பு, வழக்கம் இரண்டையும் அந்த எபிரேயச் சொல் குறிக்கும், நம் முறையும் அப்படித்தான். 'அவோதா'வுக்குப் 'பணி'. பார்வோனிடம் பட்ட அடிமை வேலையும் கடவுளுக்குச் செய்யும் வழிபாடும் அவர்களுக்கு ஒரே சொல்.

இடிப்பது 'ஹெஸெத்', மாறாத அன்பையும் நன்மை செய்வதையும் குறிக்கும் எபிரேயச் சொல். விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, சங்கீதம் 136இன் 26 வசனங்களிலும் அதைக் 'கிருபை' என்கிறது. ஓசியா 6:6இல் 'பலியை அல்ல இரக்கத்தையும்'. ரூத் 1:8இல் 'தயை'. மூலத்தில் இது ஒரே சொல் என்று மாணவர் அறிய வழியே இல்லை. ஒற்றைச் சொல் தந்து உதவுங்கள்.

* * *

அம்மா, வணக்கம். 'பேரன்பு' இருக்கிறதே! 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பு, நீங்கள் சொன்ன சங்கீதமான 136ஆம் திருப்பாடலில் அதைத்தான் ஆள்கிறது: 'என்றும் உள்ளது அவரது பேரன்பு'. கோயிலில் பாடிப் பழகிய சொல். புதிதாக ஆக்குவானேன்?

* * *

> புதிதாக ஆக்குவானேன்?

பேரன்பு அளவைத்தான் சொல்கிறது ஐயா, அது எப்படிப்பட்ட அன்பு என்று சொல்லவில்லை. எரிகோ நகரில் ராகாப் என்ற பெண் இசுரேலிய ஒற்றர் இருவரைக் கூரைமேல் சணல் தட்டைகளுக்குள் ஒளித்துவைக்கிறாள். பிறகு அவர்களிடம் கேட்கிறாள்: நான் உங்களுக்கு ஹெஸெத் செய்தேன், நீங்களும் என் தகப்பன் வீட்டாருக்கு ஹெஸெத் செய்வதாக ஆணையிடுங்கள் (யோசுவா 2:12). முன்பின் அறியாத இருவர்மீது அவளுக்குப் பேரன்பா? ஒருவர் உயிரை ஒருவர் காத்ததால் உண்டான கட்டு அது. உரிமையோடு கேட்கிறாள்.

அந்த உரிமைக்குத் தமிழில் சொல் உண்டு. 'பழைமை எனப்படுவது யாதெனின் யாதும் கிழமையைக் கீழ்ந்திடா நட்பு' (குறள் 801). கிழமையாவது உரிமை. கிழவன், கிழத்தி என்று தொல்காப்பியம் ஆள்வதும் உரிமை பற்றியே. வாரநாளுக்குக் கிழமை என்று பெயர் வந்ததும் அந்த நாள் அந்தக் கோளுக்கு உரியது என்பதால்தான். நண்பர்களான தாவீதும் யோனத்தானும் உடன்படிக்கை செய்து ஒருவரிடம் ஒருவர் வேண்டிய ஹெஸெத்தை 'கிழமையன்பு' என்பதே தகும்.

* * *

புலவர் ஐயா, பொருள் விளக்கம் அருமை. ஆனால் 18 வயதுப் பிள்ளைகளின் காதில் கிழமை என்றால் செவ்வாயும் புதனுமே விழும். ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் குறள் 801இல் தொடங்கி விளக்க வேண்டிவரும்.

எனக்குத் தோன்றுவது 'கண்ணோட்டம்', குறள் ஆளும் இரக்கம் என்ற பொருளில். 'கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு உரிமை உடைத்திவ் வுலகு' (578). முறையும் சிதையக்கூடாது, கண்ணும் ஓட வேண்டும். மீகா 6:8 நியாயத்தையும் ஹெஸெத்தையும் சேர்த்துக் கேட்பது இதைத்தானே?

* * *

கண்ணோட்டத்துக்கு இன்று 'நோக்கு' என்ற பொருள்தான் நிலைத்திருக்கிறது. 'சமூகவியல் கண்ணோட்டம்' என்று அதே பாடநூல் முன்னுரையில் வந்தால் என்ன செய்வீர்கள்?

* * *

எபிரேயம் கொஞ்சம் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். சிக்கல் ஒரு சொல்லோடு நிற்காது. ஏழையின் மேலாடையை அடகாக வாங்கினால் பொழுது போகுமுன் திருப்பிக் கொடு, இரவில் அவன் போர்த்திக்கொள்ள வேறென்ன இருக்கிறது என்கிறது யாத்திராகமம் 22. கடைசியில் கடவுள் தம்மை 'இரக்கமுள்ளவர்' என்கிறார். அங்கே மூலச்சொல் 'ஹன்னூன்', ஹெஸெத் அல்ல. இரக்கத்துக்கான இன்னொரு சொல் 'ரஹமீம்' வேறு, அது கருப்பையைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. யாத்திராகமம் 34:6இல் மூன்றும் அடுத்தடுத்து வரும்போது பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இரக்கம், கிருபை, தயை என்று கவனமாகப் பிரித்திருக்கிறார்கள். வேறு இடங்களில் அந்த ஒழுங்கு நிற்கவில்லை.

அடகுத் துணிச் சட்டம் முன்பின் உறவில்லாத ஏழைக்கும் பொருந்தும். ஹெஸெத் பெரும்பாலும் உறவுக்குள்தான். 1927இல் விவிலிய ஆய்வாளர் நெல்சன் குளூக் அதை உடன்படிக்கைக் கடமை என்றே நிறுவப் பார்த்தார். 1978இல் இன்னோர் ஆய்வாளர் கேத்தரின் சேக்கன்பெல்டு மறுத்தார்: வலியவர் கைவிட்டாலும் கேட்பாரில்லை என்ற நிலையில், தாமே முன்வந்து செய்வதுதான் ஹெஸெத் என்றார். கிழமை குளூக்குக்குப் பொருந்தும், சேக்கன்பெல்டுக்குப் பொருந்தாது. மாமியார் நகோமியைத் தொடர ரூத்துக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. மற்ற மருமகள் ஓர்பாள் திரும்பிப் போனாள், அவளை நூல் பழிக்கவும் இல்லை. ஹெஸெத் என்றே எழுதிவிடலாம்.

* * *

ஹெஸெத் என்றேயா? வடவெழுத்தை நீக்கி எழுதச் சொல்லும் 'வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ' என்ற தொல்காப்பிய நூற்பா வடமொழிக்கு மட்டுமா? எழுதத்தான் வேண்டுமென்றால் 'எசெது' என்றாவது எழுதுங்கள்.

கட்டாயமில்லாமல் நிற்பதுதான் ஐயா கிழமை. வள்ளுவர் ஒப்பந்தத்தையா பேசுகிறார்? பழகியவர் உரிமையால் செய்ததைத் தள்ளாத நட்பைப் பேசுகிறார். ரூத்தும் நகோமியும் பத்தாண்டு பழகியவர்கள்.

* * *

அனைவருக்கும் நன்றி. நாளை வெள்ளி. கோயிலில் பாடிப் பழகிய சொல் என்பதால் பேரன்பையே வைக்கிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் 'உடன்படிக்கைப் பேரன்பு' என்று விரித்து, ராகாப் கதையைப் பெட்டிச்செய்தியாகச் சேர்க்கிறேன். எபிரேய ஒலிப்புக்கு ஹெஸெத் என்றே இருக்கட்டும், புலவர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

* * *

பொறுப்பது வேறு, ஏற்பது வேறு அம்மா. ஓசியா 2:19ஐப் பாருங்கள். நீதி, நியாயம், ஹெஸெத், ரஹமீம் நான்கையும் கொடுத்துக் கடவுள் இசுரேலை மணக்கிறார். ஹெஸெத்துக்குப் பேரன்பைச் செலவிட்டுவிட்டால், தாயின் வயிற்றிலிருந்து வரும் ரஹமீமுக்கு எதை வைப்பீர்கள்? அடுத்த பதிப்பிலாவது கிழமையன்பை மாற்றுச்சொல்லாகச் சேர்க்க வேண்டுகிறேன். ரஹமீமுக்குத் தனி இழை தொடங்குகிறேன்.