ஆக்சுவேட்டர் மாத்தினா பூஸ்ட் நிலையா நிக்குமா? (1.8டி, கே03எஸ் டர்போ)

மேட்டுப்பாளையத்தான்:
வணக்கங்க. எஞ்சின் 1.8டி 20 வால்வு பெட்ரோல், ஸ்டேஜ் 1 ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூவோட செட்டிங்கை மாத்தி எழுதறது) போட்டிருக்கேன். மூணாவது கியர்ல முழுசா மிதிச்சா பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள்ள தள்ளற காத்தழுத்தம்) 1.35 பார் வரைக்கும் எகிறி, பவர் டக்குனு வெட்டிடுது. 17963னு ஃபால்ட் கோடு நிக்குது. வெட்டாம தப்பிச்சாலும் 5,500 ஆர்பிஎம் பக்கம் 0.7க்கு இறங்கிடுது. ரீமேப்ல கேட்டது 1.1 தான். ஊட்டி ஏறும்போது இன்னும் மோசம். கெட்டி ஸ்பிரிங் ஆக்சுவேட்டர் (டர்போவோட வேஸ்ட்கேட் கதவை ராடால தள்ளித் திறக்கற டப்பா) போட்டா எல்லாம் சரியாயிடும்னு மெக்கானிக் அண்ணன் சொல்றார். வாங்கலாமா?

பூஸ்ட்கேஜ்:
இப்போதைக்கு வாங்காதீங்க. 17963ன்னா பூஸ்ட் மேல் எல்லையைத் தாண்டிடுச்சுன்னு அர்த்தம். ஸ்பிரிங்கை மட்டும் கெட்டியாக்கினா அது இன்னும் கூடத்தான் செய்யும்.

முதல்ல என்75 வால்வை (ஆக்சுவேட்டருக்குப் போற காத்தை ஈசியூ சொல்றபடி கட்டுப்படுத்தறது) விட்டுட்டு, கம்ப்ரசர்ல இருந்து ஆக்சுவேட்டருக்கு நேரா ஒரு ஹோஸ் போட்டு ஓட்டிப் பாருங்க. ஸ்பிரிங் அழுத்தத்துலயே பூஸ்ட் சமமா நின்னா மெக்கானிக்கல் சைடு சரி, என்75, ஹோஸ், மேப் பக்கம் தேடணும். ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்டும் ஏறினா வேஸ்ட்கேட் (டர்பைனுக்குப் போகாம உபரிப் புகையைத் திருப்பி விடற கதவு) தேவையான அளவு திறக்கலை. இறங்கினா எங்கியோ லீக், இல்லன்னா புகை அழுத்தமே கதவைத் தள்ளித் திறக்குது.

அப்புறம் கேஜ் வச்ச கைப்பம்ப்பை ஆக்சுவேட்டர்ல மாட்டி, ராடு எந்த அழுத்தத்துல அசையுதுன்னு பாருங்க. அந்த முள்ளு நிக்குதா இறங்குதான்னு பாக்கறதுதான் ரொம்ப முக்கியம்.

மேட்டுப்பாளையத்தான்:
பாத்துட்டேங்க. நேரா ஹோஸ் போட்டா கீழ 0.5, மேல போகப் போக 0.3. பம்ப்ல 0.2 பார்லயே ராடு நகர ஆரம்பிச்சுது. 0.5 ஏத்தி விட்டா முள்ளு மெல்ல இறங்குது. ராடு வெளிய வர்ற ஓட்டைகிட்ட சோப்புத் தண்ணி தடவினேன், பொடிப்பொடியா குமிழி வருது.

பூஸ்ட்கேஜ்:
அப்ப எகிறதும் இறங்கறதும் ரெண்டுக்கும் காரணம் ஆக்சுவேட்டர்தான். டயாப்ரம் (ஆக்சுவேட்டருக்குள்ள இருக்கற ரப்பர் சவ்வு) கிழிஞ்சு காத்து கசியறதால கதவு லேட்டா திறக்குது, பூஸ்ட் எகிறுது. ஸ்பிரிங்கும் தளர்ந்துடுச்சு, மேல் ஆர்பிஎம்ல புகை அழுத்தத்தைத் தாங்க முடியலை. ஆக்சுவேட்டர் மாத்தியே ஆகணும். மெக்கானிக் சொன்னது ஒரு வகையில சரிதான்.

1.1 இலக்குக்கு 0.5 பார் ஸ்பிரிங் போதும். ஸ்பிரிங் அழுத்தத்துக்குக் கீழ பூஸ்டைக் குறைக்க ஈசியூவால முடியாது, அதனால 0.9, 1.0னு ஆசைப்படாதீங்க. புதுசு போட்டாலும் 6,000க்கு மேல கொஞ்சம் இறங்கும். இந்தச் சின்ன டர்போவோட மூச்சு அவ்வளவுதான்.

டியூனர்_சேலம்:
ரீமேப் பண்ணவர்கிட்ட மறக்காம சொல்லுங்க. பழைய ஸ்பிரிங்குக்கு எழுதின என்75 டியூட்டி (அந்த வால்வுக்கு ஈசியூ கொடுக்கற சதவீதம்) புது ஸ்பிரிங்குக்கு அதிகம். அந்த டியூட்டியைத் தீர்மானிக்கற கேஎஃப்எல்டிஆர்எல் மேப்பைக் குறைச்சு எழுதலைன்னா அதே 17963 திரும்ப வரும். ஸ்கேன் டூல்ல குரூப் 115ல கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட் ரெண்டும், 114ல டியூட்டியும் லாக் எடுத்து அனுப்புங்க. 115ல வர்றது அப்சல்யூட் கணக்கு, அதாவது வெளிக்காத்து அழுத்தமும் சேர்த்து. 2,100 மில்லிபார்னா நம்ம ஊர்ல கேஜுக்கு 1.1 சொச்சம்.

ஊட்டியில வெளிக்காத்தே சுமார் 770 மில்லிபார்தான். அதே அப்சல்யூட் இலக்கைப் பிடிக்க டர்போ ரொம்ப வேகமா சுத்தணும். மலைக்குன்னு இலக்கைக் கொஞ்சம் குறைச்சு எழுதச் சொல்லுங்க. டர்போ ஆயுசு முக்கியம்.

மேட்டுப்பாளையத்தான்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். ராடு நீளம் எப்படி வைக்கறது?

பூஸ்ட்கேஜ்:
கதவைக் கையால முழுசா மூடிப் பிடிச்சுக்கிட்டு ராடைச் சுத்துங்க. ராடு நுனி ஓட்டை, கதவுக் கையோட பின்னுக்கு 1 முதல் 2 மி.மீ. எட்டாம நிக்கணும். அப்புறம் இழுத்து மாட்டிட்டு லாக் நட்டை இறுக்குங்க. அதுக்கு மேல இழுத்தா கதவு முழுசா திறக்க இடமிருக்காது, பூஸ்ட் ஏறிக்கிட்டே போகும். மாட்டும்போது கதவுக் கையை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க. புஷ் தேஞ்சு லொடலொடன்னு ஆடினா புது ஆக்சுவேட்டருக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி டர்பைன் ஹவுசிங்கைப் பாக்கணும்.