காமன் கூத்தை ஓபிஎஸ் (OBS) சாஃப்ட்வேரில் லைவ் போட்டுக்கொண்டே பதிவும் செய்ய வேண்டும், உதவுங்கள்

பொகவந்தலாவை தம்பி

வணக்கம். மாசி வந்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து, மன்மதன் எரிவதையும் ரதி அழுவதையும் ராத்திரி முழுக்க ஆடிக் காட்டுவார்கள். போன முறை போனில் லைவ் போட்டோம், நடுராத்திரிக்குப் பிறகு படம் நின்று நின்று வந்தது, கொழும்பிலும் டுபாயிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் ரதி அழுகிற இடத்தைப் பார்க்கவே இல்லை. இந்த முறை ஒழுங்காகச் செய்ய ஆசை. லேப்டாப் ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ரேம். ஒரு கேமராவும் அதன் படத்தை லேப்டாப்புக்குள் கொண்டுவர எச்டிஎம்ஐ கேப்சர் கார்டும் இரவல் கிடைக்கும். இன்டர்நெட் 4ஜி ரவுட்டர்தான். கேமராவை மாட்டி டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தேன், படத்தில் கறுப்புக் கோடுகள் மேலிருந்து கீழே ஓடுகின்றன, சத்தமும் வாயசைவும் சேரவில்லை. பிட்ரேட், அதாவது செகண்டுக்கு அனுப்புகிற டேட்டா, எவ்வளவு வைக்கலாம்? லைவ் போகும்போதே நல்ல தரத்தில் பதிவும் எடுக்க இந்த லேப்டாப் தாங்குமா?

ஹட்டன் பக்கம்

தாங்கும் தம்பி. ஆனால் முதலில் பதிவை நினையுங்கள், லைவை அப்புறம். லைவ் விட்டுப்போனால் அடுத்த நாள் ஏற்றிக்கொள்ளலாம், பதிவே இல்லையென்றால் அந்த ராத்திரி போனதுதான்.

செட்டிங்ஸில் அவுட்புட் மோடை அட்வான்ஸ்டுக்கு மாற்றுங்கள், அங்கேதான் லைவுக்கு ஒரு என்கோடர் (படத்தைச் சுருக்கித் தருவது), பதிவுக்கு இன்னொன்று என்று தனித்தனியாகக் கொடுக்க முடியும். லைவுக்கு சிபியுவில் ஓடுகிற எக்ஸ்264, அதில் வெரிஃபாஸ்ட், சிபிஆர் (பிட்ரேட் ஒரே அளவில் நிற்கும்), கீஃப்ரேம் 2 செகண்ட், ரீஸ்கேலில் 1280க்கு 720. பதிவுக்கு குவிக்சிங்க், 1920க்கு 1080. குவிக்சிங்க் இன்டெல் சிப்புக்குள்ளேயே தனியாக இருக்கிற பகுதி என்பதால் சிபியுவுக்குப் பெரிய பாரம் இல்லை. பதிவை எம்கேவி (MKV) கோப்பாகவே எடுங்கள். சாதாரண எம்பி4 எடுக்கும்போது கரண்ட் போனால் முழுக் கோப்பும் திறக்காமல் போய்விடும், எம்கேவியில் அதுவரை எடுத்தது மிஞ்சும். காலையில் ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் கொடுத்தால் தரம் குறையாமல் எம்பி4 ஆகிவிடும்.

பிட்ரேட்டுக்குக் கூத்து நடக்கிற இடத்திலேயே, அதுவும் ராத்திரியில், அப்லோட் வேகத்தைப் பாருங்கள். வருவதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போக வேண்டாம். 4 எம்பிபிஎஸ் வந்தால் படத்துக்கு 2500 கேபிபிஎஸ், சத்தத்துக்கு 128. அப்படி வைத்தால் மணிக்கு 1.2 ஜிபி அளவில் டேட்டா போகும், எட்டு மணிநேரத்துக்குப் பத்து ஜிபி கையிருப்பில் இருக்கட்டும். அட்வான்ஸ்ட் பக்கத்தில் நெட்வொர்க் நெருக்கடிக்கு ஏற்றபடி பிட்ரேட்டை மாற்றும் ஒரு டிக் இருக்கிறது, நம் மலைக்கு அது கட்டாயம் வேண்டும். ரவுட்டரை டவர் தெரிகிற பக்கம் மேட்டு லயத்தில் (வரிசை வீடுகளில்) வைத்து, முடிந்தால் வயரில் இழுங்கள். காற்றடித்தால் கரண்ட் போகும், லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, ரவுட்டரில் இல்லை. அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ் பிடியுங்கள்.

யூடியூப் என்றால் இன்றைக்கே லைவைத் திறந்து வையுங்கள், புதுச் சேனலுக்கு அனுமதி வர 24 மணிநேரம் வரை ஆகலாம்.

நுவரெலியா கேமரா

கோடு ஓடுவதற்குக் காரணம் நம் கரண்ட். இங்கே 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப் லைட் செகண்டுக்கு 100 தடவை மங்கி எரிகிறது. கேமரா 30 ஃப்ரேமில், ஷட்டர் 1/60இல் இருந்தால் அதோடு ஒத்துப்போகாது. கேமராவை பால் (PAL) என்கிற வீடியோ முறைக்கு மாற்றி 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 வையுங்கள், ஓபிஎஸ்ஸிலும் 25 வையுங்கள், கோடு போய்விடும்.

இன்னொன்று, மன்மதனை எரிக்கிற கட்டம். ஆட்டோ எக்ஸ்போஷரில் விட்டால் தீ எழும்பியவுடன் கேமரா படத்தை இருட்டாக்கும், ரதியின் முகமே தெரியாது. பந்தம் கொளுத்தி முன்கூட்டியே பார்த்து, எக்ஸ்போஷரை மேனுவலில் பூட்டிவிடுங்கள். ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுகிற அளவு) அளவுக்கு மேல் ஏற்றினால் இருட்டில் புள்ளி புள்ளியாக வரும், அந்தப் புள்ளிகளே பிட்ரேட்டைத் தின்றுவிடும். அதற்கு இன்னும் ஒரு லைட் போடுவது மேல். மாசிப் பனி லென்ஸில் படியும், துடைக்க நல்ல துணி வைத்திருங்கள்.

பொகவந்தலாவை தம்பி

25 ஃப்ரேமுக்கு மாற்றினேன், கோடு போய்விட்டது, நன்றி அண்ணன். சத்தம்தான் இன்னும் முந்தி வருகிறது. தப்பு மேளம் அடிக்கும்போது பாட்டே கேட்கவில்லை.

பண்டாரவளை அக்கா

கேப்சர் கார்டு படத்தைக் கொஞ்சம் தாமதித்துத் தரும், மைக் நேரே போய்விடும், அதனால்தான் முந்துகிறது. கேமரா முன்னால் தப்பில் ஒரே ஒரு அடி அடிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். குச்சி தோலில் படுகிற ஃப்ரேமையும் சத்தம் எழும்புகிற இடத்தையும் பாருங்கள். 25 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேம் 40 மில்லிசெகண்ட், நான்கு ஃப்ரேம் முந்தினால் அட்வான்ஸ்ட் ஆடியோ ப்ராப்பர்டீஸில் சிங்க் ஆஃப்செட்டாக 160 போடுங்கள்.

நாய்ஸ் சப்ரெஷன் ஃபில்டரைத் தொடவே வேண்டாம். அது பேச்சுக்காகச் செய்தது, தப்பை இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும். சத்தம் எல்லை தாண்டாமல் பிடிக்கிற லிமிட்டர் மட்டும் போதும்.

பாட்டுக்காரருக்குத் தனி மைக் கொடுத்து, மிக்ஸரில் அவரை இடப்பக்கம், தப்பை வலப்பக்கம் தள்ளிவிடுங்கள். ஓபிஎஸ்ஸில் அதே மிக்ஸரை இரண்டு தடவை சேர்க்கலாம். ஒன்றுக்கு மோனோ டிக் போட்டு ட்ராக் 1, லைவுக்கு அது போகட்டும். மற்றதை அப்படியே விட்டு ட்ராக் 2, பதிவுக்கு மட்டும். ரெக்கார்டிங் பக்கத்தில் இரண்டு ட்ராக்கையும் டிக் செய்ய மறக்காதீர்கள். ஆஃப்செட் இரண்டுக்கும் ஒன்றுதான். இப்படிச் செய்தால் பாட்டு மட்டும் ஒரு பக்கத்தில் தெளிவாக நிற்கும், பிறகு கூத்து வாத்தியார் பாடியதை வரி வரியாகக் கேட்டு எழுதி எடுக்கலாம். எங்கள் பக்கம் பல பாட்டு ஒரே ஒருவருக்குத்தான் முழுதாகத் தெரியும் தம்பி, அவருக்கும் வயது போய்விட்டது.

பொகவந்தலாவை தம்பி

ஆஃப்செட் 120இல் சரியாக உட்கார்ந்துவிட்டது அக்கா. இரண்டாவது மைக்குக் கோயில் கமிட்டியிடம் கேட்டிருக்கிறேன். வாத்தியாரிடமும் பேசினேன், எழுதி எடுக்கச் சம்மதம் சொல்லிவிட்டார், ஆனால் லைவுக்கு முன்னால் ஒரு தடவை சோதனைப் பதிவைத் தனக்குப் போட்டுக் காட்ட வேண்டுமாம்.