தகப்பன் வீட்டில் இல்லாத பிள்ளைகளுக்கு மாலைக் குழு: எப்படிக் கதைக்க வைப்பது?

மாலினி:
கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஸ்காபரோவில் 14–17 வயதுக்காரருக்கு வெள்ளி மாலைக் குழு நடத்துறம். தமிழ், சோமாலி, ஜமேக்கா என்று 12 பிள்ளைகள். ஒருவரின் தகப்பனும் வீட்டில் இல்லை. வட்டமாக இருத்தி அப்பாவைப் பற்றிக் கேட்டால் வாய் திறக்கினமில்லை. இரண்டாம் கிழமையே பாதிப்பேர் வரேல்லை. என்ன செய்யலாம்?

குமரன்:
முதலில் வட்டத்தை விடுங்கோ. அந்த வயசில் முகத்துக்கு நேரே கேட்டால் பதில் வராது. கையில் வேலை இருந்தால் கதை தானாக வரும். சமையல் நல்லது. ஒரு அடுப்புக்கு மூன்று பேர், மூன்றும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள். இறைச்சி முழுக்க ஹலாலாகவே வாங்குங்கோ, மரக்கறிக்குத் தனிச் சட்டி. கொத்துரொட்டி, சோமாலிச் சம்பூசா, ஜமேக்கா ஜேர்க் கோழி என்று முறை வைக்கலாம். ஜேர்க்குக்கு முதல் இரவே கோழியை மசாலாவில் ஊறப்போட வேணும். அதை ஒரு பெடியன் பொறுப்பில் விட்டால் அவன் வராமல் நிக்கமாட்டான்.

இன்னொன்று: ஒன்டாரியோவில் உயர்பள்ளிச் சான்றிதழுக்கு 40 மணிநேரச் சமூக சேவை தேவை. சமைத்ததை முதியோருக்குக் கொடுத்தால் கணக்கில் எடுப்பினமோ என்று பள்ளியில் முன்கூட்டியே கேளுங்கோ.

செல்வி:
குமரன் சொல்வது சரி, ஆனால் பன்னிரண்டு பேரையும் ஒரே கவலைக்குள் அடைக்காதேங்கோ. போரில் காணாமல் போனவரின் பிள்ளைக்குத் தகப்பன் இருக்கிறாரா இல்லையா என்பதே முடிவாகாத கேள்வி. பவுலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத் தெளிவற்ற இழப்பு என்கிறார். வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களோடு வேலை செய்தவர். அந்தப் பிள்ளையிடம் “அப்பா இறந்த பிறகு” என்று வாய் தவறியும் சொல்லக்கூடாது. பிரிந்துபோன தகப்பன் பக்கத்துத் தெருவிலேயே இருந்தால் வருவது பெரும்பாலும் கோபம். வெளிநாட்டிலிருந்து போன் எடுக்கிற தகப்பன் என்றால், அந்த நேரத்தில் பிள்ளை எழும்பிப் போக விடுங்கோ.

படிவத்தில் “தகப்பன் பெயர்” வேண்டாம், “பொறுப்பானவர்” போதும். ஜூன் மூன்றாம் ஞாயிறுக்கு, தந்தையர் தினத்துக்கு, வாழ்த்து அட்டை செய்ய வைக்காதேங்கோ.

மாலினி:
தொண்டர்கள்? மூன்று மாதத்துக்கு வர இரண்டு பேர் ரெடி.

குமரன்:
அவையை ஒரு பிள்ளையோடு சோடி சேர்க்காதேங்கோ. 2002இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் குரோஸ்மன், ரோட்ஸ் இருவரும், பெரியவர் ஒருவரைப் பிள்ளை ஒன்றோடு சோடி சேர்க்கிற அமெரிக்க பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பின் சோடிகளை ஆராய்ந்தவை. ஒரு வருடம் தாண்டினவைக்கு நல்ல பலன். மூன்று மாதத்துக்குள் முறிந்தவையில் பிள்ளைகளின் தன்மதிப்பு குறைஞ்சிருந்தது. இன்னொரு ஆளும் விட்டுட்டுப் போகுதெண்டுதான் பிள்ளை எடுக்கும். அந்த இரண்டு பேரையும் சாமான் வாங்க, வாகனம் ஓட விடுங்கோ. யாராயிருந்தாலும் போலீஸ் சரிபார்ப்பு முடியாமல் உள்ளே எடுக்க வேண்டாம்.