பழைய அமெரிக்க ரேடியோ பேய் நாடகம்: எதில் தொடங்கலாம்?

இரவுப்பறவை:
விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனோடு படுப்பது என் வழக்கம். போன வாரம் 1940களின் 'இன்னர் சாங்டம்' கேட்டேன். கதவு கிறீச்சென்று திறக்கிறது, ஒருத்தர் கிண்டலாகப் பேசுகிறார், நடுவில் லிப்டன் டீ விளம்பரம் வேறு! பயமே வரவில்லை. நிஜமாகவே நடுங்க வைக்கிற ஒன்றைச் சொல்லுங்களேன். வேகமான ஆங்கிலம் என்றால் எனக்குப் பாதி புரியாது.

பழைய டேப்:
'சஸ்பென்ஸ்' தொடரில் வந்த 'சாரி, ராங் நம்பர்', 1943. படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெண் கணவனின் ஆபீசுக்கு போன் போடுகிறாள், கிராஸ் டாக்கில் இரண்டு பேர் கொலைத் திட்டம் பேசுவது காதில் விழுகிறது, அப்புறம் ஆபரேட்டர், போலீஸ் என்று யாரிடம் சொன்னாலும் எடுபடவில்லை. அவளுக்குக் கேட்பது மட்டும்தான் நமக்கும் கேட்கும். ஆக்னஸ் மூர்ஹெட் இதைப் பல வருஷம் திரும்பத் திரும்ப நடித்தார், நீங்கள் 1943 பதிவையே கேளுங்கள்.

கிணற்றடி:
நல்ல நாடகம்தான், ஆனால் அவர் கேட்டது பேய் சார். என் ஓட்டு 'குவையட் ப்ளீஸ்' தொடரின் 'தி திங் ஆன் தி ஃபோர்பிள் போர்டு', 1948. எண்ணெய்க் கிணறு தோண்டும் கோபுரத்தில், நாலு குழாய் நீளத்துக்கு மேலே ஒரு பலகை இருக்கும், அதற்குத்தான் அந்தப் பெயர். அங்கே என்னவோ இருக்கிறது. எர்னஸ்ட் சாப்பல் எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி நிதானமாகச் சொல்வார், அதனால் ஆங்கிலமும் பிரச்சினை இல்லை. அந்த ஜந்துவின் குரல் குழந்தை அழுவது மாதிரி இருக்கும், அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

பழைய டேப்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். அதை எழுதிய வில்லிஸ் கூப்பர்தான் 1934இல் சிகாகோவில் 'லைட்ஸ் அவுட்' தொடங்கியவர், நடுராத்திரி ஒலிபரப்பு. அதில் மின்சார நாற்காலியில் ஆள் சாகிற சத்தத்துக்கு மைக் பக்கத்தில் பன்றி இறைச்சியை வறுப்பார்களாம், எலும்பு முறிகிற சத்தத்துக்கு விலா எலும்பை ஒடிப்பார்களாம். இதைப் படித்ததிலிருந்து வீட்டில் வத்தல் பொரித்தால் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது.

இரவுப்பறவை:
எண்ணெய்க் கிணறு நேற்று கேட்டாயிற்று. பாதி வரைக்கும் 'இதுக்கா இவ்வளவு பேச்சு' என்றுதான் இருந்தேன். கதை சொல்கிறவர் இடையிடையே மனைவியைப் பற்றி ஏன் பேசினார் என்று கடைசியில்தான் புரிந்தது, உடனே எழுந்து விளக்கைப் போட்டுவிட்டேன். ராங் நம்பரைப் பகலில் கேட்டுக்கொள்கிறேன்.