படகில் போன் போதுமா, தனி ஜிபிஎஸ் மெஷின் வேண்டுமா? (பாக் நீரிணை)

கச்சான்:
ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் பைபர் படகு வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது: பழைய மெஷின் பழுதானால் புதுசு வாங்கணுமா, கையில் இருக்கிற போனே போதுமா? போதும் என்பது என் கருத்து. பழைய கையடக்க மெஷின்கள் பலவும் அமெரிக்க ஜிபிஎஸ்ஸை மட்டும், அதுவும் ஒரே அலைவரிசையில் வாங்குபவை. இன்றைய போன் ஜிபிஎஸ்ஸோடு மற்ற நாடுகளின் செயற்கைக்கோள்களான குளோனாஸ், கலிலியோ, பெய்டூ எல்லாவற்றையும் வாங்கும். சில மாடல்களில் நம்ம இந்தியாவின் நாவிக்கும் உண்டு, எல்1 எல்5 என்று இரண்டு அலைவரிசையும் உண்டு. டவர் இல்லாவிட்டாலும் இருப்பிடம் காட்டும். பாயிண்ட் (போகவேண்டிய இடத்தின் வட, கிழக்கு அளவு) ஏற்றுவதும் சுலபம். மெஷினில் நாலு அம்புக்குறிப் பொத்தானை வைத்து ஒவ்வோர் எண்ணாக நகர்த்தணும்.

நங்கூரம்:
துல்லியத்தைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை அண்ணே. கடலில் 3 மீட்டரா 8 மீட்டரா என்பது ஒரு பொருட்டே இல்லை. அந்த எண்ணைப் பார்க்க முடிகிறதா, தொட முடிகிறதா என்பதுதான் கேள்வி. உப்புத்தண்ணி துளி விழுந்தால் தொடுதிரை அதை விரல் என்று நினைத்துக்கொள்கிறது. வரைபடம் தானாக நகரும், பெரிதாகும், சில நேரம் போகவேண்டிய பாயிண்டே மாறிப்போகும். மதிய வெயிலில் பலகை மேல் கிடக்கும் போன் சூடேறி, வெளிச்சத்தைக் குறைத்து, கடைசியில் அணைந்துவிடும். மெஷினின் திரையில் வெயில் பட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். பொத்தானை ஈரக் கையாலும் அழுத்தலாம். கார்மின் 78எஸ் மாதிரி மெஷின் தண்ணியில் மிதக்கும், இரண்டு ஏஏ பேட்டரியில் 20 மணி நேரம் வரை ஓடும். ஆள் தவறி விழுந்தால் அதற்கென்றே இருக்கும் எம்ஓபி பொத்தானை அழுத்திப் பிடித்து, திரை கேட்டால் உறுதி செய்தால் போதும். அந்த இடம் பதிவாகி, திரும்பி வரும் வழியும் திரையில் வந்துவிடும். அந்த நிமிஷத்தில் போன் லாக்கைத் திறந்து, ஆப்பைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

கச்சான்:
எம்ஓபி விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். மற்றதற்கு வழி இருக்கு. ஒட்டும் பிளாஸ்டிக் உறை, நிழலில் ஒரு பிடிமானம், பவர் பேங்க். ஒன்று மட்டும் கவனிக்கணும்: கரையிலேயே ஆப்பைத் திறந்து இருப்பிடம் பிடித்த பிறகு கிளம்பணும். செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை வினாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்பும். டவர் இருந்தால் போன் அந்த விவரத்தை நெட்டிலிருந்து உடனே எடுத்துக்கொள்ளும். நடுக்கடலில் பல மணி நேரம் அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் வானத்திலிருந்துதான் வாங்கணும். அதற்குத் தடையில்லாமல் கிட்டத்தட்ட அரை நிமிஷம் ஆகும். இடையில் போனைச் சட்டைப்பையில் போட்டு சிக்னல் தடைப்பட்டால் மறுபடி வாங்கவேண்டி வரலாம். ‘போனில் ஜிபிஎஸ் வரலை’ என்கிற புகாரில் பாதி இதுதான்.

சோழகம்:
இரண்டு பேருமே பெரிய ஆபத்தை விட்டுட்டீங்க. போனோ மெஷினோ, பாயிண்ட் எந்த வடிவில் ஏற்றப்படுகிறது என்பதைப் பாருங்க. ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம்: டிகிரி-நிமிடம்-தசமம், டிகிரி-நிமிடம்-வினாடி, முழுக்கத் தசம டிகிரி. வயர்லெஸ்ஸில் ‘ஒன்பது, பன்னிரண்டு, நாற்பத்தஞ்சு’ என்று ஒரு பாரை (மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டை) சொன்னால் அது 9°12.45' தான். வினாடி வடிவில் இருக்கும் கருவி அதையே 9°12'45" என்று வாங்கிக்கொள்ளும். 45 வினாடி என்றால் 0.75 நிமிடம். ஆக 0.3 நிமிடம் வடக்கே தள்ளிவிட்டது, கிட்டத்தட்ட 550 மீட்டர். பாரைத் தேடி வீணாகச் சுற்றுவீங்க. இதையே தசம டிகிரியாக 9.1245 என்று போனில் அடித்தால் அது 9°07.47'. ஐந்து கடல் மைல் தெற்கே போய்விட்டது. 12.70 என்றால் 70 வினாடி கிடையாது என்று கருவி மறுத்துவிடும். 12.45-ஐ மறுக்காமல் வாங்கிக்கொள்ளும், அதனால்தான் இந்தத் தவறு வெளியே தெரிவதில்லை. வரைபட ஆப்கள் பலவும் தசம டிகிரியில்தான் திறக்கும். போன் ஆட்களுக்கு இதில் ஆபத்து கூடுதல்.

மெஷினில் அமைப்புக்குள் போய், இருப்பிட வடிவத்தை டிகிரி-நிமிடம்-தசமத்துக்கும், டேட்டத்தை (எந்தப் பூமி அளவீட்டை வைத்து எண்ணைக் கணக்கிடுவது என்பதை) டபிள்யூஜிஎஸ் 84-க்கும் வையுங்க. பழைய மெஷினை யாராவது இந்திய டேட்டத்துக்கு மாற்றி வைத்திருந்தால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளும்.

பாய்மரம்:
எனக்கு வேண்டியது இந்திய-இலங்கைக் கடல் எல்லைக் கோட்டு அலாரம். ‘மெஷினில் அலாரம் இருக்கு’ என்று எல்லோரும் சொல்கிறார்கள், எப்படி வைப்பது என்று ஒருவரும் சொல்வதில்லை. அந்தக் கோட்டை வகுத்த 1974 ஒப்பந்தத்தின் ஆறு புள்ளிகளையும் ஏற்றினால் போதாதா?

சோழகம்:
போதாது தம்பி. மெஷினில் இருப்பது நெருங்கினால் ஒலிக்கும் அலாரம். ஒரு பாயிண்டைச் சுற்றி வட்டம்தான் போடும், கோடு போடத் தெரியாது. மூன்றாம் புள்ளி 9°40.15' வடக்கு, 79°22.60' கிழக்கு. நான்காம் புள்ளி 9°21.80' வடக்கு, 79°30.70' கிழக்கு. இரண்டுக்கும் நடுவே 20 கடல் மைல் தூரம். இரண்டு முனையிலும் ஒரு மைல் வட்டம் வைத்தால் நடுவில் 18 மைல் திறந்தே கிடக்கும். அந்த வழியாகக் கடந்தால் மெஷின் வாயே திறக்காது.

அந்தக் கோட்டை 20 துண்டாக வெட்டுங்க. ஒவ்வொரு பாயிண்டுக்கும் வட அளவில் 0.9175 நிமிடம் கழிக்கணும், கிழக்கு அளவில் 0.405 நிமிடம் கூட்டணும். முதல் இடைப்புள்ளி 9°39.233', 79°23.005'. அடுத்தது 9°38.315', 79°23.410'. முனைகளோடு சேர்த்து 21 பாயிண்ட், ஒவ்வொன்றுக்கும் 1 கடல் மைல் ஆரம். வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்திலும் கோட்டுக்கு 0.87 மைல் முன்னாலேயே ஒலிக்கும். 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) வேகத்தில் அது ஆறரை நிமிஷம். வலை போட்டுவிட்டு ஆட்கள் தூங்கும் ராத்திரிக்கு ஆரத்தை 2 மைலாக்குங்க. பழைய மாடல்களில் இத்தனை அலாரப் பாயிண்டை ஏற்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளணும்.

ஏற்றினதும் மூன்றிலிருந்து நான்குக்குத் தூரம் அளந்து பாருங்க. 19.9 கடல் மைல், திசை 156 டிகிரி வரணும். காந்த வடக்கில் வைத்திருந்தால் ஓரிரு டிகிரி மாறும். அதற்கு மேல் மாறினால் எங்கோ எண் தப்பு.

ஐந்தாம், ஆறாம் புள்ளிகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். இரண்டுமே 79°32.0' கிழக்கு. வட அளவு 9°13.0'-லிருந்து 9°06.0' வரை கோடு நேர் தெற்கே இறங்குகிறது. அந்த ஏழு மைலுக்குள் கிழக்கு அளவு 79°30'-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டாலே போதும்.

கச்சான்:
இந்த 21 பாயிண்ட் வேலையே என் வாதத்துக்குப் பலம். போனில் ஆறு புள்ளியையும் ஒரு கோடாக வரைந்து, கோட்டை நெருங்கினால் ஒலி எழுப்பும் ஆப் இருக்கிறது. அஞ்சு நிமிஷ வேலை.

நங்கூரம்:
வரைவது அஞ்சு நிமிஷம், சரி. திரை அணைந்த பிறகு அது ஒலிக்குமா? பேட்டரி சேமிப்பு அமைப்பு பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும். அலாரம் செத்துவிட்டது என்று யாருக்கும் தெரியாது. எனக்குப் போனில் பயமே இதுதான். மெஷின் திரையை அணைத்தாலும் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும்.

கச்சான்:
அது நியாயமான பயம், மறுக்க மாட்டேன். போன் அமைப்பில் அந்த ஆப்புக்குப் போய் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கணும், இருப்பிட அனுமதியை ‘எப்போதும்’ என்று வைக்கணும், பேட்டரி சேமிப்பை அணைக்கணும். பிறகு கரையிலேயே சோதிக்கணும். ரோட்டுக்குக் குறுக்கே ஒரு கோடு வரைந்து, போனைப் பூட்டி ஒரு மணி நேரம் வைத்திருந்து, பிறகு நடந்து கடக்கணும். ஒலித்தால்தான் கடலுக்குக் கொண்டுபோகணும். ஆப் புதுப்பிப்பு வந்தால் மறுபடி சோதனை.

பாய்மரம்:
கோட்டில் எத்தனை மீட்டர் வரை நெருங்கலாம்?

சோழகம்:
மீட்டர் கணக்கே பேசாதீங்க. கோடு எழுதப்பட்டது 1974-ல். ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 வந்தது அதற்குப் பத்து வருஷம் கழித்து. ஒப்பந்தமும் நிமிடத்துக்கு இரண்டு தசமத்துக்கு மேல் எழுதவில்லை. உங்க திரையில் 40 மீட்டர் உள்ளே என்று காட்டினால், எதிரில் வரும் கப்பலின் திரையும் அதையே காட்டும் என்று எந்த உறுதியும் இல்லை. குறைந்தது ஒரு மைல் தள்ளி நில்லுங்க.

நீவாட்டையும் (கடல் நீரோட்டத்தையும்) சேர்த்துக்கணும். ஒன்றரை நாட் நீவாடு குறுக்கே இழுத்தால், வலை போட்டு மிதக்கும் படகு அந்த ஒரு மைலை நாற்பது நிமிஷத்தில் தின்றுவிடும். ஓடும்போதும் இதே சிக்கல். 6 நாட் வேகத்தில் போகும் படகு பாயிண்டை நேராகப் பார்த்தே ஓட்டினால் வில் மாதிரி வளைந்துதான் போய்ச் சேரும். நேர்க்கோட்டில் போக முகப்பை நீவாடு வரும் பக்கம் 14, 15 டிகிரி திருப்பி வைக்கணும். மெஷினில் பாயிண்டின் திசை, படகு உண்மையில் போகும் திசை இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் வைத்து, இரண்டு எண்ணும் ஒன்றாகும் வரை சுக்கானைத் திருத்துங்க. படகு நின்றிருந்தால் அந்தத் திசை எண்ணை நம்பவேண்டாம். காந்தமானி இல்லாத மெஷினில் நகர்ந்தால்தான் திசை கிடைக்கும்.

பாய்மரம்:
கடைசியாக ஒன்று. மெஷினில் புது ரீசார்ஜ் பேட்டரி போட்டும் சீக்கிரமே ‘பேட்டரி குறைவு’ என்று வருகிறதே?

நங்கூரம்:
அமைப்பில் பேட்டரி வகை ஆல்கலைன் என்று இருக்கும். அது 1.5 வோல்ட், ரீசார்ஜ் ஆகும் நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட். வகையை மாற்றினால் எச்சரிக்கை சரியாக வரும். மாறாவிட்டால் ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு இருக்கா பாருங்க. காது குடையும் பஞ்சுக்குச்சியை வினிகரில் தொட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் துடைத்து, முழுக்கக் காயவிடணும். மூடி மாட்டும் முன் ரப்பர் வளையத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவுங்க. ஒரு மணல் துகள் அதில் சிக்கியிருந்தாலும் தண்ணி உள்ளே போய்விடும். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பது வளையம் சரியாக உட்கார்ந்தால்தான் பொருந்தும். மீன்பிடித் தடைக்காலத்தில் பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்க. ஆல்கலைன் ஒழுகினால் ஸ்பிரிங்கையே அரித்துவிடும்.