தம்ப்நெயில் ஸ்கெட்ச்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். வியாசர்பாடி மாலை ஓவிய வகுப்புக்காக, சேகரிப்புச் சீட்டாட்டங்களுக்குப் படம் வரையும் வேலை பற்றிக் கையேடு ஒன்று தயாராகிறது. 'தம்ப்நெயில் ஸ்கெட்ச்' வரும் இடங்களில் 'சிறுபடம்' என்று போட்டிருக்கிறேன். பொருந்துமா?
— வியாசர்பாடி

பொருந்தாது ஐயா. இணையத்தில் சிறுபடம் என்பது முடிந்த படத்தின் சுருக்கம். இதுவோ படம் பிறக்கும் முன்பே போடுவது.

'மேஜிக்: தி கேதரிங்' என்ற சேகரிப்புச் சீட்டாட்டத்தின் சீட்டு 63க்கு 88 மி.மீ.தான். சாதாரணச் சீட்டில் படத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய மேல்பாதி. யார், எந்த இடம், என்ன செய்கிறார், பார்வை எதில் விழ வேண்டும் என்று நிறுவனம் குறிப்பு அனுப்பும். அதைப் படித்துவிட்டு, படச்சட்டத்தின் விகிதத்திலேயே தீப்பெட்டி அளவில் கட்டங்கள் போட்டு, நாலைந்து விதமாக அமைத்துப் பார்ப்பதுதான் இந்த வேலை. கறுப்பு, சாம்பல், வெள்ளை போதும். முகபாவம், கவசத்துக் கொக்கி எல்லாம் இங்கே கூடாது. 'கருவரைவு' என்பது என் பரிந்துரை.
— தண்டையார்பேட்டை

கருவரைவா? கறுப்பாக வரைவது என்று நினைத்துக்கொள்வார்கள். நம்ம பக்கம் சுவர் விளம்பரம் எழுதுகிறவர்கள் 'ரஃப்' என்கிறார்கள், எல்லோருக்கும் புரிகிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே அண்ணே.
— ராயபுரம்

தம்பி, சுவர் வேலைக்கு ரஃப் சரி. இங்கே அது வேலையின் இரண்டு நிலைகளைக் குழப்பிவிடும். கருவரைவு பெரும்பாலும் ஓவியரின் மேசையோடு நின்றுவிடும்; அதில் தேறியதை வளர்த்த கோட்டுப்படம்தான் நிறுவனத்தின் கலை இயக்குநருக்குப் போகும். அவர் சரி என்ற பிறகே வண்ணம். இரண்டையும் ரஃப் என்றால், புதிதாக வருகிறவர் முதல் யோசனையையே நாள் கணக்கில் இழைத்து அனுப்புவார். டிராகன் எதிர்ப்பக்கம் பார்க்கணும் என்று ஒரு வரி வந்தால் அத்தனையும் வீண். ஒப்பந்தத்தில் 'இத்தனை திருத்தம்' என்றிருந்தால் எந்த நிலைக்கு என்பதிலும் தகராறு வரும்.

இன்னொன்று. குகை இருட்டில் கறுப்புக் கவச வீரன்: திரையில் பிரமாதமாக இருப்பான், அச்சில் பின்னணியோடு ஒட்டிக்கொள்வான். கருவரைவைச் சீட்டு அளவுக்குச் சுருக்கி, கை நீட்டும் தூரத்தில் வைத்துக் கண்ணை இடுக்கிப் பார்த்தால் அப்போதே தெரிந்துவிடும். தெரிந்ததும் வெளிச்சத்தை வீரனுக்குப் பின்னால் மாற்ற வேண்டும். கவசத்தில் நுணுக்கம் கூட்டிப் பயனில்லை.
— தண்டையார்பேட்டை

மண்ணடி அச்சகத்திலிருந்து என் ஓட்டும் கருவரைவுக்கே. கறுப்பு என்று யாராவது புரிந்துகொண்டாலும் பாதகமில்லை, அப்படித்தானே வரையப்போகிறார்கள்! சீட்டு முழுக்கப் படம் நிறையும் வகைக்கு ஒரு குறிப்பு சேருங்கள்: கீழ்ப்பகுதியை எழுத்துப்பெட்டி மறைக்கும், கால் போனால் போகட்டும், வாள் பிடித்த கை அங்கே வேண்டாம்.

அடுத்து 'ப்ளீட்'. வெட்டும்போது கத்தி சற்று விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியாமலிருக்க, நாலு பக்கமும் 3 மி.மீ. படத்தை நீட்டி விடுவது. 'வெட்டுமிகை' எப்படி?
— மண்ணடி

நல்லா இருக்கு. கருவரைவுக் கட்டத்தையும் வெட்டுமிகை சேர்த்தே போடணுமா?
— ராயபுரம்

வேண்டாம் தம்பி. வெட்டிய அளவுக்கே போடு. கோட்டுப்படத்தில் சேர்த்தால் போதும்.
— தண்டையார்பேட்டை